காலி வளையம்

அலுவலகத்தில் அவளை வட்டக்காரி என்று கூப்பிடுவார்கள். இந்தப் பெயரை வட்டிக்காரி என்று காதில் வாங்கிக்கொண்ட தூரத்து உறவுக்காரர் ஒருவர், ஒரு கல்யாண வீட்டில் அவளைத் தனியே ஒதுக்கிக்கொண்டு போய்க் கைமாற்றுக் கேட்டதும் உண்டு. உண்மையில் அவள் செய்துவந்த வேலை வட்டம் வரைவதுதான்.

அவளுடைய நிறுவனம் திரைகளுக்கு உறுப்புகள் செய்து விற்றது. அழுத்துகிற பட்டன், மூலை மழுங்கிய பெட்டி, நகரும் கோடு, நிறைந்து குறையும் வளையம் என்று எல்லாவற்றையும் வரைந்து தரும் ஒரு நிரல் தொகுப்பு. சலவை இயந்திரம் செய்கிறவர்களும் மருத்துவக் கருவி செய்கிறவர்களும் அதை வாங்கித் தங்கள் இயந்திரத்துக்குள் வைத்துக்கொண்டு, இங்கே ஒரு வளையம் போடு, பாதி நிரப்பு என்பார்கள். தொகுப்பு அந்தக் கட்டளையைத் திரைக்குப் பின்னாலிருக்கும் சிப்புக்குச் சொல்லும். நேரடியாகச் சொல்லாது. நடுவில் டிரைவர் என்ற ஒரு மொழிபெயர்ப்பாளன் உட்கார்ந்திருப்பான். சிப்பு செய்கிற ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு டிரைவர் எழுதி வைத்திருக்கும். ஒரே கட்டளைக்கு ஒரு டிரைவர் பளிச்சென்று வட்டம் போடும். இன்னொன்று போட்ட வட்டத்தில் எலி கடித்தது போல ஓர் ஓரம் காணாமல் போயிருக்கும்.

அவளுடைய அம்மாவுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. "அந்த டிரைவர் இவ்வளவு தப்பு பண்றான்னா அவன மாத்திட்டு வேற ஆளப் போட வேண்டியதுதானே?" என்று கேட்பாள். மகள் விளக்கத் தொடங்கினால், "சரி சரி, ஓட்டுறவனுக்கும் குடும்பம் இருக்கும்" என்று அவளே மன்னித்தும் விடுவாள்.

வட்டக்காரிக்கு அந்த வேலையில் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது வடிவங்களை வரையும் கோப்பு. அவள் சேருவதற்கு முன்பிருந்தே, எந்த டிரைவரில் கோளாறு வந்தாலும் யாராவது ஒருவர் அதில் ஒரு ஒட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். டிரைவரின் பெயர் இதுவானால் அரைப் புள்ளி தள்ளி வரை. அதுவானால் இரண்டு தடவை வரை. இன்னொன்றானால் மேலே ஒரு சாம்பல் கோடு போட்டு மூடு. பல ஒட்டுகளுக்குப் பக்கத்தில், 'ஏனென்று தெரியவில்லை, போட்டால் சரியாகிறது' என்று எழுதி வைத்திருந்தார்கள். குளியலறைத் தூம்பின் வாயில் அடைத்த முடியை விரலால் இழுப்பது போலிருக்கும் அதைப் படிப்பது. இழுக்க இழுக்க வரும். யாருடைய முடி என்றும் தெரியாது. அந்தக் கோப்பைத் திறக்கிற நாட்களில் அவளுக்கு மதியச் சாப்பாடு இறங்காது.

அவளுடைய மேலாளருக்கு 'ஆகட்டும்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைச் சொன்னாலும் ஆகட்டும் என்பார். பல்லிடுக்கைத் தன் அடையாள அட்டையின் முனையால் குத்துவார், பிறகு அதே அட்டையைக் கதவில் வைத்துத் திறப்பார். அவர் திறந்த கதவை வட்டக்காரி முழங்கையால்தான் தள்ளுவாள்.

அவள் தம்பியும் அங்கேதான் வேலை பார்த்தான். அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் அவள்தான் சொல்லிச் சேர்த்துவிட்டிருந்தாள். கீழ்த்தளத்துச் சோதனை அறைக்கு அவன் பொறுப்பு. பலவகை சிப்பு உள்ள இயந்திரங்கள் அங்கே அடுக்கடுக்காக ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் எல்லா வடிவங்களையும் வரைந்து, முன்பே சேமித்து வைத்த மாதிரிப் படத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிடும். ஒத்துப்போனால் பச்சை விளக்கு, மாறினால் சிவப்பு. மாறிய படத்தைப் பார்த்துச் சரியென்று ஏற்றுக்கொண்டால் அதுவே புது மாதிரியாகிவிடும். தம்பி வந்த பிறகு அந்தப் பலகையில் சிவப்பையே யாரும் பார்த்ததில்லை. அதனால் அவனுக்குப் பச்சையப்பன் என்று பெயர் விழுந்தது. அவன் அதைப் பட்டம் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஒரு காலையில் செவிலியர் ஒருவர் ஓர் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் இயந்திரம் அது. செய்கிற நிறுவனம் இவர்களிடம் தொகுப்பு வாங்கியிருந்தது. பல வருடம் வார்டில் வேலை பார்த்தவர் அந்தச் செவிலியர். இப்போது இயந்திரங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அவற்றைப் பழகிப் பார்த்துக் குறை சொல்வது அவர் வேலை. குறை சொல்வதற்கென்றே செய்த குரல் அவருக்கு.

கூட்ட அறையில் மேசைமேல் இயந்திரத்தை வைத்து, மேலே தொங்கிய பையைப் பிழிந்து காட்டினார்.

"இது காலி. தண்ணிகூட இல்ல, வெறும் காத்து. இப்ப உங்க வளையத்தப் பாருங்க."

திரையில், மருந்து எவ்வளவு மிச்சம் என்று காட்டும் நீல வளையம் முழுதாக நிறைந்து ஜொலித்தது.

"அலாரம் அடிக்குமே?" என்றார் ஆகட்டும்.

"அடிக்கும். வார்டுல எந்நேரமும் எதாவது ஒண்ணு அடிச்சுக்கிட்டேதான் இருக்கும். அடிச்சா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? எட்ட நின்னு ஸ்கிரீனப் பாப்பேன். வளையம் நிறைஞ்சிருந்துச்சுன்னா, அலாரந்தான் சும்மா கத்துதுன்னு அத அமுக்கிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிடுவேன். படுத்திருக்கிறவருக்கு மருந்து ஏறாது. சாயங்காலந்தான் தெரியவரும்."

ஆகட்டும் அட்டையைப் பல்லிலிருந்து எடுத்தார். "பழைய சிப்பு இருந்த போர்டுல இது வரலையே?"

"வரல. உங்க தொகுப்பு ஓடும்னு நீங்க புதுசா ஒத்துக்கிட்ட போர்டுலதான்."

"அப்ப டிரைவர் கோளாறுங்க. அந்தப் போர்டோட டிரைவர் சரியில்ல. நாங்க ஒரு ஒட்டுப் போட்டுத் தர்றோம். ஆகட்டும்."

செவிலியர் வட்டக்காரியைப் பார்த்தார். "நீங்கதானே வட்டம் போடறவங்க? டிரைவர் கோளாறுதானா?"

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் அவள். ஆகட்டும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்த வாரம் முழுக்க அவள் அந்த வளையத்தோடு மல்லுக்கட்டினாள். கொஞ்சம் மிச்சம் இருக்கும்வரை புதுப் போர்டு ஒழுங்காகத்தான் வரைந்தது. ஒரு கீற்று மிச்சம் என்றால் ஒரு கீற்றுக் காட்டியது. சுத்தமாகக் காலி என்றவுடன், என்ன நினைத்ததோ, முழு வளையம் போட்டது. இந்தக் குணமெல்லாம் மொழிபெயர்ப்பாளனுக்குத் தானாக வராது, சொன்னவர்கள் என்ன சொன்னோம் என்று பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தங்கள் சூத்திரத்தை ஒவ்வொரு வரியாகப் பிரித்தாள்.

விஷயம் அங்கேதான் இருந்தது. வளையத்தின் ஓரம் ரம்பம் போல வெட்டிக்கொண்டு தெரியாமலிருக்க அதைக் கொஞ்சம் மங்கலாக்குவார்கள். எவ்வளவு மங்கல் என்பதற்கு ஒரு நீளத்தை இன்னொரு நீளத்தால் வகுக்கும் கணக்கு ஒன்று உண்டு. வளையம் காலியானால் இரண்டு நீளமும் பூஜ்யம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் விடை கிடையாது. விடை இல்லாத கேள்வியைக் கேட்டால் டிரைவர் தன் இஷ்டத்துக்குத்தான் எதையாவது சொல்லும். பழைய போர்டு பூஜ்யம் என்று சொல்லியிருக்கிறது, அதிர்ஷ்டவசமாக அது சரியாக இருந்திருக்கிறது. புதுப் போர்டு ஒன்று, அதாவது முழுசு, என்கிறது. எல்லா டிரைவர்களுக்கும் பொதுவான விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். இப்படிக் கேட்டால் என்ன வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்று அதில் தெளிவாகவே போட்டிருந்தது.

அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. நீளம் பூஜ்யமென்றால் எதையும் வரையாதே என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, கோப்பிலிருந்த பழைய ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பார்த்தாள். கோடு இல்லாத பெட்டிக்கு அரைப் புள்ளி தள்ளிய ஒட்டு தேவைப்படவில்லை. மூலை மழுங்காத பெட்டியின் மேல் போட்ட சாம்பல் கோடும் தேவைப்படவில்லை. பெரும்பாலானவை இதே விடையில்லாக் கேள்வியிலிருந்து வந்தவைதான். இத்தனை வருடமாக ஊரிலுள்ள டிரைவர்களையெல்லாம் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். நாற்றம் வந்ததெல்லாம் சொந்த அடுப்படியிலிருந்து. பிய்த்துப் போட்ட ஒட்டுகள் திரையின் ஓரத்தில் நீளமாகக் கிடந்தன. அவள் எழுந்து போய், ஒன்றையும் தொடாமலே, கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

திருத்தத்தைச் சோதனை அறைக்கு அனுப்பினாள். பலகையில் சிவப்பு விழுந்தது. ஒன்றிரண்டு இல்லை, ஒரு வரிசையே சிவந்தது.

சரியாக வரைந்தும் ஏன் சிவப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. மாதிரிப் படங்களைத் திறந்தாள். புதுப் போர்டின் காலி வளையத்துக்கு எது மாதிரி என்று பார்த்தாள். நீலமாக, முழுதாக, நிறைந்த வளையம். கீழே 'ஏற்கப்பட்டது' என்ற முத்திரை. அடுத்ததைத் திறந்தாள். ஒரு மூலை உதிர்ந்த பட்டன். ஏற்கப்பட்டது. நடுவில் விரிசல் ஓடிய பெட்டி. ஏற்கப்பட்டது. கடிபட்ட வட்டம், இரட்டையாகத் தெரிந்த கோடு, ஓரத்தில் அழுக்குப் போலப் புள்ளிகள் அப்பிய வளைவு. எல்லாம் ஏற்கப்பட்டவை. எல்லாவற்றிலும் தம்பியின் கணக்குப் பெயர்.

தப்பான படத்தை மாதிரியாக வைத்துக்கொண்டால் தப்பாக வரைகிற வரைக்கும் பச்சைதான் எரியும். அவள் மடிக்கணினியோடு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள்.

சோதனை அறைக் கதவைத் திறந்ததும் சூடான காற்றும் கால் நாற்றமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. தம்பி செருப்பில்லாமல் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கழற்றிய காலுறைகளை ஓர் இயந்திரத்தின் அனல் வரும் துளைமேல் காயப் போட்டிருந்தான். விசைப்பலகையில் ரொட்டித் துணுக்குகள்.

"வா அக்கா. நீ என்னமோ பண்ணி எல்லாத்தையும் சிவப்பாக்கிட்ட" என்றான் சிரித்தபடி.

அவள் தன் மடிக்கணினியை அவன் முன்னால் வைத்தாள். "இது என்னடா?"

"வளையம்."

"காலி வளையம். காலின்னா இப்பிடியா இருக்கும்?"

அவன் உற்றுப் பார்த்தான். "அட, ஆமா. நிறைஞ்சிருக்கு."

"நீ ஏத்துக்கிட்டிருக்க."

"நான் எங்கக்கா ஏத்துக்கிட்டேன்? தெனம் ஆயிரக்கணக்குல வருது. மொதல்ல ஒண்ணொண்ணாத்தான் பாத்தேன், சத்தியமா. கண்ணு பூத்துப்போச்சு. அப்பறம் நம்ம ஆகட்டும் வந்து, ஏன் இவ்வளவு நேரம் ஆகுதுன்னு சத்தம் போட்டாரு. எல்லாத்தையும் ஏத்துக்கன்னு ஒரு பட்டன் வச்சுக் குடுக்கச் சொன்னாரு. குடுத்தாங்க. அத அமுக்கறதுதான் என் வேலை."

"ஒரு பட்டன அமுக்கறதுக்கு எதுக்குடா ஒரு ஆளு?"

"அத நானே பல தடவ யோசிச்சிருக்கேன்" என்று அவன் மறுபடி சிரித்தான்.

அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒளித்து வைத்த களவு பிடிபட்டவன் முகத்தில் ஒரு பதற்றமாவது இருக்கும். இவனுக்கு அதுவும் இல்லை. அவன் செய்தது பொய் என்றே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"மருந்து ஏத்துற மெஷின்டா அது."

"யாருக்காச்சும் எதாச்சும் ஆச்சா? அதான் அந்த நர்சம்மா பாத்துட்டாங்கல்ல. நீ அந்த ஒரு போர்டுக்கு ஒட்டுப் போடு, நான் இன்னொரு தடவ அமுக்கறேன், முடிஞ்சது. எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?" பிறகு குரலைத் தாழ்த்தி, "இத அம்மாகிட்டச் சொல்லிடாத. வேலை ஒழுங்காப் பாக்கறேனான்னு தெனம் கேக்குது" என்றான்.

அவள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் நின்று காற்றை வாய் வழியாக இழுத்துவிட்டாள்.

ஆகட்டும் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். சூத்திரம் தங்களுடையது, தப்பு தங்களுடையது, மாதிரிப் படங்கள் குப்பை, பச்சை விளக்குக்கு அர்த்தமே இல்லை என்று அவள் சொல்லி முடித்ததும் அட்டையை எடுத்து மேல் வரிசைப் பற்களை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"திருத்திட்டீங்கல்ல?"

"திருத்திட்டேன்."

"அப்ப பிரச்சனை தீந்துச்சு. அவங்ககிட்ட டிரைவர் கோளாறுன்னே சொல்லிடுவோம்."

"டிரைவர்ல ஒரு தப்பும் இல்லைங்க."

"அம்மா, டிரைவர் எழுதினவன் எங்கேயோ உக்காந்திருக்கான். அவனா வந்து நம்மகிட்ட நியாயம் கேக்கப்போறான்?" சிரித்தார். "மாதிரிப் படம் அது இதுன்னு ஆரம்பிச்சா, யாரு ஏத்துக்கிட்டதுன்னு கேப்பாங்க. உங்க தம்பி பேருதான் வரும். யோசிச்சுப் பேசுங்க."

முனையில் ஏதோ ஒட்டியிருந்த அட்டையை அவர் சட்டையில் துடைத்தார். வட்டக்காரி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நேராகக் கணவனின் கடைக்குப் போனாள். அவன் மூக்குக் கண்ணாடி விற்பவன். ஒரு முதியவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு கண்ணாடியாக மாட்டி, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். முதியவர் எல்லாவற்றுக்கும் தெரிகிறது என்றார். அவன் விடவில்லை. எழுத்தை வாசித்துக் காட்டச் சொன்னான். அவர் தவறாக வாசித்ததும் வேறு கண்ணாடி எடுத்தான்.

அவர் போனபின் அவள் எல்லாம் சொன்னாள். அவன் துணியால் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"சொன்னா உங்க வீட்ல சண்டை வரும்" என்றான்.

"வரும்."

"சொல்லலேன்னா நீ சாப்பிட மாட்ட. இப்பவே மூணு நாளா தட்டுல கோலம்தான் போட்டுக்கிட்டிருக்க. சண்டையே பரவால்ல. சண்டைன்னா ஒரு நாள் ஓயும்."

"அவனுக்கு வேலை போயிடும்."

"அவன் எங்க வேலை பாத்தான்?" என்று கேட்டுவிட்டு, சொன்னது அதிகமோ என்று அவள் முகத்தைப் பார்த்தான். அவள் மறுத்துப் பேசவில்லை.

செவிலியர் மறுபடி வந்தபோது ஆகட்டும் தம்பியையும் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தார். மறுபடி பட்டனை அமுக்கிப் பச்சையாக்கிய பலகையைச் சுவரில் போட்டுக் காட்டவேண்டுமாம். தம்பி இந்த முறை செருப்புப் போட்டிருந்தான். தலை வாரியிருந்தான்.

"நான் சொன்னபடி டிரைவர் கோளாறுதாங்க" என்று ஆகட்டும் தொடங்கினார். "சரி பண்ணியாச்சு. எல்லாப் போர்டுலயும் சோதிச்சாச்சு. பாருங்க, ஒரு சிவப்பு கிடையாது."

வட்டக்காரி குறுக்கிட்டாள். தம்பியைப் பார்க்காமல் பேசினாள்.

"டிரைவர் கோளாறு இல்லைங்க. எங்க கணக்குலதான் தப்பு. அத நான் திருத்திட்டேன், அது நெஜம். ஆனா இந்தப் பச்சைய நம்பாதீங்க. எங்க மாதிரிப் படங்களே தப்பு. உங்க காலி வளையம் நிறைஞ்சு வந்துச்சுல்ல, அந்தப் படத்தையே சரின்னு ஏத்துக்கிட்டு வச்சிருந்தோம். அதான் எங்களுக்குத் தெரியவே இல்ல. வேற எதெல்லாம் இப்பிடி இருக்குன்னு இன்னும் எனக்கே தெரியாது."

 முதலில் வாய் திறந்தவர் ஆகட்டும்தான். கண்ணிமைக்கும் நேரத்தில் அவர் முகம் மாறியிருந்தது.

"அப்பிடியா? இது எனக்குத் தெரியவே தெரியாதுங்க. சோதனையெல்லாம் இந்தப் பையன் பொறுப்பு. என்னப்பா இது? இப்பிடித்தான் வேலை பாப்பியா?"

 தம்பியின் கன்னம் வெளுத்துவிட்டது. அவனுக்கு முதல்முறையாகப் பயம் வந்ததை அக்கா பார்த்தாள். அவள் நெஞ்சு ஒரு கணம் அவன் பக்கம் போயிற்று. அவன் மேல் இருந்த குமட்டலையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற குமட்டல் ஒன்று மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது.

"எல்லாத்தையும் ஒரே அமுக்குல ஏத்துக்கற பட்டன வைக்கச் சொன்னது நீங்க" என்றாள் அவரிடம். "தெரிஞ்ச பிறகு டிரைவர்மேல போடுன்னு சொன்னதும் நீங்க. அவன் அமுக்கினது தப்பு. அதுக்காக உங்கள விட்டுட முடியாது."

"நான் சீக்கிரம் முடிங்கன்னுதாம்மா சொன்னேன். இப்பிடிப் பண்ணுங்கன்னா சொன்னேன்?"

"யாரு அமுக்கினாங்க, யாரு சொன்னாங்கன்னு நீங்க அப்பறம் சண்டை போட்டுக்கங்க" என்றார் செவிலியர். "எனக்கு ஒண்ணுதான் தெரியணும். இதுல எத்தனை படத்த மனுஷங்க கண்ணால பாத்திருக்கீங்க?"

ஆகட்டும் பச்சைப் பலகையை அணைத்தார். அவர் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு கிளம்பினார். எல்லாப் படத்தையும் ஆள் பார்த்து முடிக்கும்வரை ஓர் இயந்திரமும் வெளியே போகாது என்று மறுநாள் அவருடைய நிறுவனம் சொல்லிவிட்டது.

பார்த்தார்கள். வட்டக்காரியும் அவள் பிரிவிலிருந்த இன்னும் சிலரும் உட்கார்ந்து, படம் படமாகப் பார்த்தார்கள். விரிசல், உதிரல், கறை, கீறல். சில படங்களில் என்ன வடிவம் வரைய நினைத்தார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. தம்பியும் ஒரு நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மத்தியானம்வரை பார்த்தான். தலை வலிக்கிறது என்று எழுந்து போனவன் திரும்பி வரவில்லை. அந்த வாரமே வேலையை விட்டுவிட்டான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை, இரு என்று சொல்லவுமில்லை.

அம்மா தொலைபேசியில் அழைத்தாள். "டிரைவர்தான் தப்புன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்லடி. அவன் யாரோ எவனோ. இவன் உன் கூடப் பொறந்தவன்."

"டிரைவர்னா ஆளு இல்லம்மா."

"ஆளே இல்லேன்னா இன்னும் சுலபமாப் போச்சே" என்று அம்மா வைத்துவிட்டாள்.

படங்களைப் பார்த்து முடித்தபின் செவிலியர் இயந்திரத்தை மறுபடி பழகிப் பார்த்தார். "காலின்னா காலின்னு காட்டுது" என்று சொன்னவர், உடனே எழுத்தெல்லாம் சின்னதாக இருக்கிறது என்று அடுத்த குறைக்குப் போய்விட்டார். ஆகட்டும் அலுவலகக் கூட்டத்தில் மேடையேறி, ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பார்க்கும் ஒரே நிறுவனம் நாம்தான் என்றார். கைதட்டினார்கள். இறங்கி வந்து வட்டக்காரிக்குக் கை நீட்டினார். ஊரே பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் விரல்கள் ஈரமாக இருந்தன.

கொஞ்ச நாள் கழித்துத் தம்பிக்கு வேறு வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுச் சாப்பாட்டில் அவனே சொன்னான். காருக்குள் வேகமும் எச்சரிக்கை விளக்கும் காட்டும் திரைகளைச் செய்கிற கம்பெனி.

"என்ன வேலை?" என்று கேட்டாள் அக்கா.

"அதே சோதனைதான். அங்க எனக்குக் கீழ நாலு பேரு."

"படம் வந்தா பாப்பீங்களா?"

"நீ ஒருத்தி. சோத்தத் தின்னு" என்றாள் அம்மா, அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தபடி.

மறுநாள் மதியம் வட்டக்காரி அந்தக் கம்பெனியின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தாள். சோதனைப் பிரிவின் தலைவி பேசினார். தான் யார், தம்பி யார், முன்பு நடந்தது என்ன என்று சுருக்கமாகச் சொன்னாள். அவனை வேலையிலிருந்து எடுக்கவேண்டாம், அவன் ஏற்றுக்கொள்வதை இன்னொருவரும் பார்த்தால் போதும் என்றாள். 

"சொந்தத் தம்பியா?"

"ஆமாங்க."

"சொந்தத் தம்பியப் பத்தி நீங்களே போன் பண்ணி இப்பிடிச் சொல்றீங்க." அந்தக் குரலில் இருந்த அருவருப்பு அவளுக்கு நன்றாகப் பழக்கமானது. அவளே இத்தனை மாதமாக மற்றவர்கள்மேல் வைத்திருந்ததுதான். "சரி, பாக்கறேன்" என்று அந்த அம்மாள் துண்டித்தார்.

சில ஞாயிறுகள் கழித்து, சாப்பாட்டு மேசையில் தம்பி கொதித்துக்கொண்டிருந்தான். எந்தப் படத்தை ஏற்றுக்கொள்வதானாலும் இப்போது இரண்டு பேர் பார்க்கவேண்டுமாம். யாரோ போன் செய்து அவனைப் பற்றிப் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

"யாருன்னு எனக்குத் தெரியும். அந்த ஆகட்டும்தான். அவரு மட்டும் தப்பிச்சா போதாதாம், போன எடத்துலயும் என்ன வாழ விடக்கூடாதாம். என்ன ஜென்மம்க்கா அது."

"வெளங்காதவன்" என்றாள் அம்மா. "பல்லக் குத்திக்கிட்டே இருப்பான்னு சொல்லுவியே, அவன்தானே?"

கணவன் மேசைக்கு அடியில் மனைவியின் காலை மெதுவாக மிதித்தான். பேசாமல் இரு என்று அர்த்தம். ஆகட்டும்மேல் பழி போவதில் வட்டக்காரிக்கு என்ன நஷ்டம். அந்த ஆளுக்கு இதுவும் வேண்டும், இதற்கு மேலும் வேண்டும். அவள் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். விழுங்க முடியவில்லை. தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினாள்.

"அவரு இல்லடா" என்றாள். "நாந்தான் போன் பண்ணேன்."

தம்பி சிரிக்கப் போனான், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.  அவன் கையை உதறிவிட்டு எழுந்து, பாதிச் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு வாசல் பக்கம் போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அம்மா அவனுடைய தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். துணியோடு திரும்பி வந்து மேசையைத் துடைத்தாள். மகளின் தட்டு வந்தபோது அதைத் தொடாமல், அதைச் சுற்றி மட்டும் துடைத்துக்கொண்டு போனாள்.